சுவர் அவனுடையது, மண் எவருடையது?

கமலா மார்க்கண்டேயா ஆங்கிலத்தில் எழுதிய 'நெக்டர் இன் எ சீவ்' என்னும் புதினம் 1954-ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்தது. 'சல்லடையில் அமிழ்து' என்று அத்தலைப்பைத் தமிழாக்கலாம். நம்பிக்கை இழந்த உழைப்பைப் பற்றி ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் பாடிய சிறு கவிதையொன்றிலிருந்து அது எடுக்கப்பட்டது. சல்லடையில் அமிழ்தை வார்த்தால் அது தங்குவதில்லை. நம்பிக்கையின்றி உழைப்பவனின் உழைப்பும் அத்தகையதே. பெயர் சொல்லப்படாத ஒரு தென்னிந்தியச் சிற்றூரில் நெல் விளைத்து வாழ்ந்த குத்தகைக் குடும்பம் ஒன்றின் கதையை, அக்குடும்பத்தின் தாயே முதுமையில் நினைவுகூர்ந்து சொல்வதாக நூல் அமைந்துள்ளது.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்ற நம் இளைஞர் பலர் இதனைப் பாடநூலாகப் படித்திருப்பர். 'ருக்மணியின் பொறுமை' என்ற தலைப்பில் நான்கு பக்கங்கள் எழுதி மதிப்பெண் பெற்றவர்களும் அவர்களிடையே உண்டு. நூலைப் புகழ்ந்தோர் பெரும்பாலும் அப்பொறுமையையே புகழ்ந்தனர். வெள்ளத்திலும் வறட்சியிலும் பசியிலும் பிள்ளைகளின் சாவிலும் நிலைகுலையாத இந்தியத் தாய் என்று அவளைக் கொண்டாடினர். அப்பொறுமையைச் சற்றே நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம். அது யாருக்குப் பயன்பட்டது என்பதே நம் வினா. நெல் விளையும் ஊர்களில் ஆலயமணி ஒலிக்கும் பங்குகளைச் சேர்ந்த நமக்கு இவ்வினா வெறும் இலக்கிய வினா அன்று.

கதையும் களமும்

ருக்மணி ஊர்த்தலைவர் ஒருவரின் கடைசி மகள். தந்தை அவளுக்கு எழுத்தறிவித்திருக்கிறார். மூத்த பெண்களைக் கரையேற்றியதில் வீட்டுப் பொருள் கரைந்துவிட, கடைசிப் பெண்ணுக்கு வாய்த்த மணமகன் நாதன், பிறர் நிலத்தை உழும் எளிய குத்தகைக்காரன். பன்னிரண்டு வயதில் மாட்டுவண்டியில் வந்து இறங்கும் அச்சிறுமியின் கண்முன் நெல்வயலை ஒட்டி ஒரு மண் குடிசை நிற்கிறது. அவள் முகம் வாடுகிறது. அக்குடிசையை அவன் தன் கைகளாலேயே கட்டினான் என்பதைப் பின்னர் அக்கம்பக்கத்துப் பெண்ணொருத்தி வாயிலாக அறிகிறாள். வெட்கமும் பெருமையும் அவளை ஒருங்கே ஆட்கொள்கின்றன. அன்று முதல் அது அவள் வீடு.

ஒரு மகளும் ஆறு மகன்களும் பிறக்கின்றனர். ஊருக்குத் தோல் பதனிடும் தொழிற்சாலை வருகிறது. விலைவாசி ஏறுகிறது, வயலுக்கு வந்த பறவைகள் வராமற்போகின்றன. ஓராண்டு மழை கொட்டிப் பயிரை அழிக்கிறது. மற்றோராண்டு மழையே இல்லை. மூத்த மகன்கள் இருவரும் தொழிற்சாலைக்குச் செல்கின்றனர். வேலைநிறுத்தத்தில் முன்நின்று, வேலை இழந்து, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்டுப் போகின்றனர். ஒரு மகன் நகரத்தில் பணியாளாகிறான். ஒருவன் தொழிற்சாலைக் காவலர் அடித்த அடியில் சாகிறான். கடைக்குட்டியைப் பசி கொல்கிறது. அவனைக் காப்பதற்காக மகள் தன்னையே விற்றும் காக்க இயலவில்லை. இறுதியில் முப்பது ஆண்டுகள் உழுத வயலை நிலவுடைமையாளர் தொழிற்சாலைக்கு விற்றுவிடுகிறார். இரண்டு வாரத் தவணையில் நாதனும் ருக்மணியும் வெளியேறுகின்றனர். நகரத்துக் கல்லுடைப்பில் கூலி வேலை செய்து, மழையில் நனைந்து நாதன் இறக்கிறான். பெருநோயால் விரல்களை இழந்த புலி என்னும் சிறுவனை உடனழைத்துக்கொண்டு அவள் ஊர் திரும்புகிறாள்.

இவ்வளவையும் ஆசிரியர் மிகைப்படுத்தாமல், அழுகையை அடக்கிய குரலில் சொல்லியிருக்கிறார். பசியைப் பற்றி அவர் எழுதியுள்ள பக்கங்கள் உண்மையானவை. கணவனும் மனைவியும் ஒருவர் மீது ஒருவர் கொண்டுள்ள அன்பு, ஒருவரையொருவர் மன்னித்துக்கொள்ளும் பாங்கு, வாசலில் காய்கறி விளையும் பாத்தியைக் கண்டு மகிழும் சிறு இன்பம், இவையெல்லாம் நூலின் நிறைகள். இவற்றை ஒப்புக்கொண்ட பின்னரே மேலே செல்ல வேண்டும்.

மூன்று பொருள்கள்

உடைமை என்றால் என்ன என்பதை இந்நூல் எங்கும் விளக்க முற்படவில்லை. ஆயினும் மூன்று பொருள்களின் வாயிலாக அதனைத் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

முதலாவது, குடிசை. சுவரை எழுப்பியவன் நாதன். மண்ணைக் குழைத்தவன் நாதன். கூரை வேய்ந்தவன் நாதன். சுவர் அவனுடையது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அச்சுவர் நிற்கும் மண் அவனுடையதன்று. நிலம் கைமாறியபோது குடிசையும் அவன் கையைவிட்டுப் போயிற்று. மனைவிக்காகக் கணவன் கட்டிய வீடு, முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நிலவுடைமையாளரின் வயலோரத்தில் அவர் பொறுத்துக்கொண்டிருந்த ஒரு குடிலாகவே இருந்தது. நெல் விளையும் ஊர்களை அறிந்தவர்கள் இதன் கொடுமையை உடனே உணர்வர். மனை பிறருடையதாக இருக்கும்வரை, உழைப்பவன் வாய் திறந்து கூலி கேட்கவும் அஞ்சுவான். கேட்டால் வேலை மட்டும் போகாது, அடுப்பும் போகும்.

இரண்டாவது, நெல். வறட்சி ஆண்டில் ஒரு மணியும் விளையவில்லை. ஆயினும் குத்தகைப் பணம் கட்டியாக வேண்டும். ஜமீன்தார் நேரில் வருவதில்லை. அவருடைய காரியஸ்தர் சிவாஜிதான் வருகிறார். அவரும் கல்நெஞ்சர் அல்லர். தாமும் பிள்ளைகுட்டிக்காரர், மேலிடம் சொன்னதைச் செய்பவர். பாத்திரமும் புடைவையும் விற்று ஒரு பகுதியைக் கட்டி, மீதிக்குத் தவணை பெறுகின்றனர். எஞ்சிய சிறிதளவு அரிசியை நாட்கணக்கில் எண்ணிப் பங்கிட்டு, ஒரு பகுதியை ருக்மணி மண்ணில் புதைத்து வைக்கிறாள். தானும் கணவனும் விளைத்த நெல்லைத் திருட்டுப் பொருள்போல் ஒளித்து வைக்க நேர்கிறது. அண்டைப் பெண் குந்தி அதையும் மோப்பம் பிடித்து, அச்சுறுத்திப் பங்கு பறித்துச் செல்கிறாள். நெல் விளைக்கும் வீட்டில் நெல் தங்குவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

மூன்றாவது, ஒரு கன்றுத்தோல். அதைத் திருடினான் என்று சொல்லித்தான் ராஜா என்னும் மகனைக் காவலர் அடிக்கின்றனர். பசியால் நலிந்த உடல் தாங்கவில்லை. பின்னர் தொழிற்சாலையினர் இருவர் குடிசைக்கு வருகின்றனர். வந்தது ஆறுதல் கூறுவதற்கன்று. நிறுவனத்தின் மேல் குற்றமில்லை, எனவே இழப்பீடு கேட்க வழியில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொள்வதற்கு. கேட்கவே தோன்றாத ஒரு தாயிடம், கேட்கக் கூடாது என்று வாக்கு வாங்க வருகின்றனர். வந்தவர்களுள் ஒருவர் தம் வேலையை எண்ணிக் கூசுகிறார் என்பதையும் ஆசிரியர் குறிப்பிடத் தவறவில்லை. நூலின் மிகச் சிறந்த காட்சி இதுவே என்பது நம் கருத்து. ஒரு கன்றின் தோலுக்கு உரிமையாளர் உண்டு, காவலர் உண்டு, கணக்கு உண்டு. ஒரு மகனின் உயிருக்கு இவற்றுள் ஒன்றுமில்லை.

வானமும் பத்திரமும்

இவ்வளவு கூர்மையாகக் காண வல்ல ஆசிரியர், கண்டதற்குக் காரணம் தேடும்போது பின்வாங்கிவிடுகிறார். நூலின் முதற்குறை இது.

தந்தைக்கு உதவியாக வயலில் இறங்காமல் தொழிற்சாலைக்கு ஏன் போகிறாய் என்ற கேள்வி எழும்போது, தம்பி என்னும் பெயருடைய மகன் சொல்லும் மறுமொழி கவனத்திற்குரியது. நிலம் நமதாக இருந்தால் மகிழ்ந்து உழுவேன், வேறொருவருக்காக உழைத்து இவ்வளவு குறைவாகப் பெறுவதில் என்ன பயன் என்பது அவன் கேள்வியின் சாரம். ஒரு முழு நிலச்சீர்திருத்த நூலின் கருத்து அவ்விரு வாக்கியங்களில் அடங்கிவிடுகிறது. ஆனால் கதை அக்கேள்வியைத் தொடர்ந்து செல்லவில்லை. கேட்டவனை இலங்கைக்குக் கப்பலேற்றிவிடுகிறது. அவனும் அண்ணனும் பின்னர் திரும்பவேயில்லை. (தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம் மக்களுள் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையை இலங்கை அரசு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பறித்ததை நாம் அறிவோம். நிலமற்ற உழவனின் மகன்கள் போய்ச் சேர்ந்த இடத்திலும் மண் அவர்களுடையதாகவில்லை.)

இறுதியில் நிலம் விற்கப்பட்ட செய்தி வரும்போது இளைய மகன் செல்வம், இது நியாயமன்று என்று குமுறுகிறான். அதைத் தடுக்கச் சட்டமில்லை, துயரப்படலாமேயன்றிப் பரிகாரம் தேட இடமில்லை என்பது நாதனின் விடை. தளர்ந்த ஒரு மனிதனின் வாயில் இச்சொல் இயல்பானதே. நம் குறை பாத்திரத்தின் மேல் அன்று. ஆசிரியரும் அச்சொல்லை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்பதே நம் குறை. வெள்ளம் வந்தபோது நூல் எக்குரலில் பேசியதோ, வறட்சி வந்தபோது எக்குரலில் பேசியதோ, அதே குரலில்தான் நிலம் விற்கப்பட்டபோதும் பேசுகிறது. மூன்றும் மேலிருந்து இறங்கும் இடர்களாகவே ருக்மணிக்குத் தோன்றுகின்றன. நமக்கும் அவ்வாறே தோன்றும்படி கதை சொல்லப்படுகிறது. ஆனால் வானம் பத்திரம் எழுதுவதில்லை. பத்திரம் எழுதியவர் ஒருவர், எழுதி வாங்கியவர் ஒருவர், சாட்சியிட்டவர் இருவர் எங்கோ இருக்கின்றனர். மழைக்குப் பொறுமை காட்டலாம். மழையோடு வழக்காட முடியாது. மனிதர் செய்ததற்கு வழக்குண்டு.

சட்டம் இல்லாமலில்லை

புதினம் சட்டநூல் அன்று, ஏழை உழவனுக்குத் தெரியாத சட்டத்தை ஆசிரியர் ஏன் பேச வேண்டும் என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்வி. ஆகவே நூல் எழுதப்பட்ட காலத்தில் நம் நெல்வயல்களில் நடந்ததைச் சுருக்கமாகக் காண்போம்.

காவிரிக் கடைமடையில் 1940-களிலேயே குத்தகையாளரும் பண்ணையாட்களும் சங்கமாகத் திரண்டனர். சாட்டையடியும் சாணிப்பால் புகட்டுதலும் தண்டனையாக வழங்கப்பட்ட பண்ணைகள் அவை. அந்த இயக்கத்தை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் கன்னட நாட்டிலிருந்து வந்த பி. சீனிவாசராவ். 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. 1952-இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தஞ்சைக் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், குத்தகையாளனுக்கு ஐந்தாண்டுக் காலப் பாதுகாப்பையும் விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கையும் வழங்கியது. 1955-இல் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டமும் 1956-இல் நியாயக் குத்தகைச் சட்டமும் மாநிலம் முழுவதற்கும் வந்தன. ஆக, இப்புதினம் இலண்டனில் அச்சேறிய ஆண்டுக்கு முன்னும் பின்னும், நாதனைப் போன்றவர்களின் பெயரால் இங்கே கூட்டங்கள் நடந்தன, சிறை நிரம்பியது, சட்டமன்றம் விவாதித்தது.

இவற்றின் நிழல்கூட நூலில் விழவில்லை. நாதனின் ஊருக்கு ஆண்டு இல்லை, மாவட்டம் இல்லை, அரசு இல்லை. வெளியுலகின் வரவு என்று சொல்லத்தக்கவை இரண்டே: தொழிற்சாலை ஒன்று, வெள்ளை மருத்துவர் ஒருவர். தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடக்கிறது. வயலில் ஒன்றும் நடப்பதில்லை. எந்திரம் இருக்குமிடத்தில்தான் மனிதன் எதிர்த்துக் கேட்பான், சேற்றில் நிற்பவன் என்றென்றும் தலைகுனிந்தே நிற்பான் என்ற எண்ணம் ஆசிரியரை அறியாமலே கதைக்குள் புகுந்துவிட்டது. ஆசிரியர் 1924-இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்று, 1948-இல் இங்கிலாந்து சென்று வாழ்ந்து, 2004-இல் மறைந்தவர். தொலைவிலிருந்து நினைவில் காணும் ஊர் காலமற்றதாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் காலமற்ற ஊரில் எவரும் குற்றவாளியாவதில்லை.

காணாமற்போன தெரு

இரண்டாம் குறை இதைவிடப் பெரிது. நெல் விளையும் ஊர் என்றால் அங்கே ஊர்த்தெரு இருக்கும். வாய்க்காலுக்கும் வயலுக்கும் அப்பால் சேரி இருக்கும். நடவு நடுபவர் யார், களத்தில் நெல் தூற்றுபவர் யார், மரக்காலால் அளந்து வாங்குபவர் யார், அளக்கும் மரக்கால் யாருடையது என்பனவெல்லாம் பிறப்பினால் தீர்மானிக்கப்பட்டிருந்தன. இப்புதினத்தில் சாதி அநேகமாக இல்லை. ஒரே ஓரிடத்தில் தலைகாட்டுகிறது: தோல் பதனிடுவோர் சாதி நம் சாதியன்று, உறவினர் என்ன சொல்வார்கள் என்று ருக்மணி மூத்த மகனிடம் கேட்கிறாள். உறவினர் சொல்வதைப் பற்றிக் கவலையில்லை, உண்பதே முக்கியம் என்பது போல் அவன் விடை தருகிறான். பசி சாதியை வென்றது என்று இதனைப் பாராட்டலாம். ஆனால் அந்தத் தொழிலை வழிவழியாகச் செய்தவர்கள் எந்தத் தெருவில் இருந்தனர், அவர்களுடைய பசியைச் சொல்பவர் யார் என்ற வினாவுக்கு நூலில் இடமில்லை.

பெயர்களும் இதையே காட்டுகின்றன. தம்பி, குட்டி என்னும் விளிச்சொற்கள் இங்கே பிள்ளைகளின் பெயர்களாகிவிட்டன. மகளுக்கு ஐராவதி ஆற்றின் பெயர். வட்டிக்கடைக்காரருக்கு வங்காளப் பெயரான பிஸ்வாஸ். அயல்நாட்டு வாசகர் இதனைப் பொருட்படுத்தமாட்டார். நம்மவருக்கோ, இது எந்த ஊர் என்ற ஐயம் இறுதிவரை நீங்குவதில்லை.

சாதியை நீக்கிவிட்டு நெல்லூரின் உடைமையைப் பேச முடியாது என்பதை 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு நமக்கு உணர்த்திற்று. பெத்லகேமில் இடமின்றி மாட்டுத்தொழுவத்தில் பிறந்தவரை நாம் பாடிக் கொண்டாடிய அதே இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில், ஒற்றைக் குடிசைக்குள் தஞ்சம் புகுந்த தலித் உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் எரிந்து இறந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் கேட்டது அறுவடைக் கூலியில் சிறிது நெல் கூடுதலாக. கீழ்மன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர்நீதிமன்றம் 1973-இல் விடுதலை செய்தது. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' இந்நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு எழுந்து, 1977-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அப்புதினமும் நிலவுடைமையாளரின் கொடுமைக்கு அவருடைய அந்தரங்கக் குறையைக் காரணமாக்கிவிட்டது என்ற கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அக்கண்டனம் பொருத்தமானதே. ஒருவர் விதியைக் காரணமாக்கினார்; மற்றவர் மனநோயைக் காரணமாக்கினார். மரக்காலும் மனையும் இரு நூல்களிலும் இருக்கின்றன. காரணமாக எழுந்து நிற்கவில்லை.

வெண்மணிக்குப் பின்னர் 1969-இல் வேளாண் தொழிலாளர்க்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும், 1971-இல் குடியிருப்பு மனை உரிமைச் சட்டமும் வந்தன. பிறர் நிலத்தில் குடிசை கட்டி வாழ்ந்த உழவுக் குடும்பங்களுக்கு அம்மனையையே சொந்தமாக்கியது கடைசியாகச் சொன்ன சட்டம். நாதன் கட்டிய சுவருக்குக் கீழே இருந்த மண், காகிதத்திலாவது, அவனைப் போன்றவர்களுக்குக் கிடைத்த ஆண்டு அது. அது கிடைப்பதற்கு ஒரு குடிசை எரிய வேண்டியிருந்தது என்பது நம் காலத்தின் வெட்கம்.

பொறுமை எனும் நற்பண்பு

நூலுக்குள்ளேயே ருக்மணியின் பொறுமையைக் கண்டிக்கும் ஒருவர் இருக்கிறார்: மருத்துவர் கென்னி. இம்மக்கள் ஏன் வாய்விட்டுக் கேட்பதில்லை, துன்பத்தில் என்ன மேன்மை இருக்கிறது என்று அவர் சினக்கிறார். துன்பத்தால் ஆன்மா தூய்மை பெறும் என்று நம்பும் ருக்மணிக்கு அவர் சினம் விளங்குவதில்லை. இவ்விருவரின் உரையாடல்கள் நூலின் உயிர்நிலை. ஆனால் எதிர்க்குரல் அயலவருக்கே அளிக்கப்பட்டது ஒரு குறை. அவரும் இறுதியில் செய்வது, நன்கொடை திரட்டி ஆண்டுக்கணக்கில் மருத்துவமனை கட்டுவது. அறச்செயல்தான், வணங்கத்தக்கதுதான். ஆயினும் நூல் முடியும்போது ஊரில் நிற்பவை தொழிற்சாலையும் மருத்துவமனையும். வயல் இல்லை. காயத்துக்கு மருந்து உண்டு. காயப்படுத்தியவனிடம் கேள்வி இல்லை.

இறையியல் பயின்ற நமக்கு இங்கே ஒரு கடமை உண்டு. பொறுமையை நற்பண்பு என்று மேடைதோறும் போதித்தவர்கள் நாம். பொறுமைக்கு உவமையாக யோபுவைக் காட்டுகிறோம். யோபு நூலை முழுமையாக வாசித்தவர்கள் அறிவர்: அவர் அமைதியாக இருப்பது தொடக்கத்தில் சில வரிகளே, அதன் பின்னர் அவர் வாதிடுகிறார், முறையிடுகிறார், கடவுளையே வழக்குக்கு அழைக்கிறார். இறுதியில் கடவுள் கடிந்துகொள்வதும் யோபுவின் வாயை அடைக்க முயன்ற நண்பர்களைத்தான். அரசர்கள் முதல் நூலில் வரும் நாபோத்து, மூதாதையர் வழிவந்த திராட்சைத் தோட்டத்தைத் தர மறுக்கிறார், அதற்காகக் கொல்லப்படுகிறார். மறுப்பதற்கேனும் அவருக்கு உரிமை இருந்தது. நாதனுக்கு அதுவும் இல்லை. அவன் மறுத்தான் என்று எழுதக்கூட ஆசிரியருக்கு வழியில்லை.

திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-இல் எழுதிய 'ரேரும் நோவாரும்' மடல் தனியுடைமையை ஆதரிக்கிறது என்று நிலமுடையோர் மகிழ்ந்து சொல்வதுண்டு. அம்மடல் தரும் காரணத்தை அவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். மண்ணைப் பண்படுத்துபவன் தன் ஆளுமையின் சாயலை அதில் பதித்துவிடுகிறான். ஆகவே அது அவனுக்கு உரியது என்பது அக்காரணங்களுள் ஒன்று. முப்பது ஆண்டுகள் அவ்வயலில் தன் சாயலைப் பதித்தவன் யார்? ஒருநாளும் வரப்பில் கால் வைக்காத ஜமீன்தாரா, நாதனா? உடைமைக்கு அரணாக எழுதப்பட்ட வாதமே உழுதவன் பக்கம் நிற்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தந்த 'இன்றைய உலகில் திருச்சபை' ஏடு, மண்ணின் பலன்கள் அனைவருக்கும் பொதுவானவை என்பதை முதன்மைப்படுத்தியது. நாம் ருக்மணியின் பொறுமையைப் போதிப்பதற்கு முன், இந்த ஏடுகளை அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். அவளுக்கு எழுத்தறிவு இருந்தது.

இன்றைய வாசகருக்கு

இக்குறைகளுக்காக நூலை ஒதுக்கிவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மாறாக, இன்று அதனை மீண்டும் படிக்க வேண்டிய தேவை கூடியுள்ளது. தோல் தொழிற்சாலையின் நாற்றத்தையும் இரைச்சலையும் ருக்மணி முறையிட்டு நாற்பது ஆண்டுகள் கழித்து, பாலாற்றுப் பகுதியில் தோல் தொழிற்சாலைக் கழிவு நீரையும் மண்ணையும் கெடுத்ததை உச்சநீதிமன்றம் 1996-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உறுதிசெய்து, கெடுத்தவரே இழப்பீடு தர வேண்டும் என்ற நெறியை நிலைநாட்டியது. அரசு நிலம் எடுக்கும்போது, நிலமுடையவர் மட்டுமன்றி அங்கே மூன்றாண்டு வாழ்ந்த, உழைத்த குத்தகையாளரும் கூலியாளரும் பாதிக்கப்பட்டோரே என்பதை 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் ஏற்றது. நாதனுக்கு ஒரு பெயர் கொடுக்க நாடு இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது. 1981-இல் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர் தொடங்கிய லாஃப்டி இயக்கம், கீழைத் தஞ்சையில் நிலவுடைமையாளரோடு பேசி நிலத்தை விலைக்குப் பெற்று உழவுக் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்கள் பெயரில், எழுதிக் கொடுத்தது. பொறுமைக்கும் வன்முறைக்கும் இடையே வேறொரு வழி உண்டு என்பதற்கு அது சான்று.

ஆயினும் நம் ஊர்களில் குத்தகை இன்றும் பெரும்பாலும் வாய்மொழியாகவே நடக்கிறது. பயிர்க்கடனுக்குப் போனாலும் பயிர்க்காப்பீட்டுக்குப் போனாலும் சிட்டாவும் அடங்கலும் கேட்கப்படுகின்றன. உழுதவன் பெயர் அதில் இல்லையென்றால், வெள்ளத்தில் அழிந்த பயிர் எவருடையது என்பதில் ஏடு ஒன்றைச் சொல்லும், சேறு படிந்த கால்கள் வேறொன்றைச் சொல்லும். ஆலயத்தில் ஒரே பந்தியில் அப்பம் பெறும் நம் மக்களிடையே, நிலம் உடையோரும் உண்டு, அதனைக் குத்தகைக்கு உழுவோரும் உண்டு, கூலிக்கு நடவு நடுவோரும் உண்டு. அவர்களுள் எத்தனை பேரின் குடிசை தம் சொந்த மனையில் நிற்கிறது? உழுபவரின் பெயர் எழுத்தில் இருக்கிறதா? பங்கு மானியமாக வயல் இருக்குமிடங்களில் அதை உழுபவரோடு செய்துகொண்ட ஏற்பாடு எத்தகையது? இக்கேள்விகளைக் கேட்பதற்குப் புரட்சியாளராக இருக்க வேண்டியதில்லை. வாசகராக இருந்தால் போதும்.

கமலா மார்க்கண்டேயா ஒரு குடும்பத்தின் துயரத்தைப் பொய்யின்றி எழுதினார். அத்துயரத்தின் முகவரியை எழுதவில்லை. நாதனின் இறுதி விடையை ஒப்புக்கொள்ளாமல், குமுறிய செல்வத்தின் பக்கம் நின்று இந்நூலைப் படிக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அவ்வாறு படித்தால், ஆசிரியர் சொல்லாமல் விட்டவையும் அதன் பக்கங்களிலேயே கிடைக்கும்: குடிசையில், ஒளித்து வைத்த அரிசியில், கன்றுத்தோலில்.